ஒடுக்கெடுப்பவர் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வீடு பாளையங்கோட்டை. கயத்தாறு பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக மொட்டை மாடியில் ஐரோப்பிய இடைக்கால வீரர்களின் இரும்புக் கவசங்களைச் செய்து பழகுகிறேன். எல்லாம் யூடியூப் பார்த்துத்தான். முதலில் கம்பியை வளையம் வளையமாக வெட்டிக் கோத்து ஒரு சட்டை செய்தேன். இப்போது தகட்டில் மார்புக் கவசமும் கைக் கவசமும் செய்கிறேன். மார்புத் தகடு எவ்வளவு அடித்தாலும் மேடும் பள்ளமுமாகவே நிற்கிறது. முழங்கை மடங்க மாட்டேன் என்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். பழைய கூரைத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி அடித்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வேறு வந்துவிட்டதால் வேலை கொஞ்சம் தள்ளிப்போனது.

"பழைய இரும்புக்குப் போட்டா பேரீச்சம்பழமாவது கெடைக்கும்" என்கிறார் அப்பா. நண்பர்கள் வெள்ளைக்காரன் வேஷம் என்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் 5300 வருடங்களுக்கு முன்பே இரும்பு இருந்தது என்றால் பாண்டியர்களிடமும் இப்படி முழு உடல் கவசம் இருந்திருக்குமா? நான் அதைத்தான் செய்ய வேண்டுமா? நம் ஊரில் இந்த வேலை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வெறும் பொழுதுபோக்குதான், நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

சு., பாளையங்கோட்டை

அன்புள்ள சு.,

முதலில் காய்ச்சல். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கூரைத் தகடு என்றால் துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். உலையில் போட்ட தகட்டிலிருந்து வெள்ளையாக எழுந்திருக்குமே, அந்தப் புகைதான் உங்களுக்குக் காய்ச்சலைக் கொடுத்தது. சில மணி நேரம் கழித்து ஜுரமும் நடுக்கமும் வரும், ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். இறங்கிவிட்டதே என்று மறுபடியும் அடுப்பில் போட்டால் நுரையீரல் என்னத்துக்கு ஆகும்? காற்றாலை உச்சிக்கு இடுப்பில் பெல்ட் மாட்டாமல் ஏறுவீர்களா? வீட்டு மாடி என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்? அந்தத் தகட்டை இன்றோடு விடுங்கள். இரும்புக் கடையில் பூச்சு இல்லாத எம்.எஸ். தகடு, அதாவது மைல்ட் ஸ்டீல் என்கிற சாதா இரும்புத் தகடு கேளுங்கள். கைக்கும் காலுக்கும் 18 கேஜ், மார்புக்கு அதைவிடத் தடிமனான 16 கேஜ் போதும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் இரண்டும் இல்லாமல் சுத்தியலைத் தொடக் கூடாது. இதில் எந்தச் சமாதானமும் கேட்க மாட்டேன்.

வெள்ளைக்காரன் வேஷம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். கிரிக்கெட் ஆடுகிறவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பாண்டியர் விஷயம். தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இங்கே கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோகிறது. படித்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் தாதுவிலிருந்து இரும்பை எடுப்பது வேறு, ஓராளின் நெஞ்சை மூடும் அளவுக்கு அதை ஒரே தகடாக விரிப்பது வேறு. ஐரோப்பாவிலேயே அது 14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் கைகூடியது. உலைகள் பெரிதாகி, ஆற்றுத் தண்ணீர் சுழற்றும் சக்கரத்தில் ஏறி இறங்குகிற சம்மட்டிகள் வந்த பிறகு இத்தாலியின் மிலான் நகரத்திலும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலும் இந்தத் தொழில் பெருகியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டாம் ஹென்றி கிரீனிச்சில் தனக்கென்று பட்டறை வைத்தபோது, இங்கிலாந்து ராஜாவாக இருந்தும் வெளிநாட்டு ஆசாரிகளை வரவழைத்துத்தான் வைத்தார். பாண்டியர்கள் தலை முதல் கால் வரை தகட்டுக்குள் நின்றார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இல்லாததை அவர்கள் மேல் மாட்டாதீர்கள். நம் பக்கத்துப் பழைய ஆயுதங்களைப் பார்க்க ஆசையிருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்தவை இருக்கின்றன. இந்த மண்ணில் உழைக்கிற உடம்பு எதைக் கவசமாகக் கட்டியது என்று பார்க்க ஆசையிருந்தால் உடன்குடிப் பக்கம் போய்ப் பனையேறிகளின் நெஞ்சுத்தோலைப் பாருங்கள். மரம் உராய்கிற இடம் எதுவோ அதை மட்டும் மூடியிருக்கும், அங்குலம் கூடாது. உங்கள் கவசத்துக்கும் அதே கணக்குதான்.

சரி, இவ்வளவுக்கும் நடுவில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. "நம் ஊரில் இந்த வேலை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்.

போன மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தது. கொடிமரத்தைச் சுற்றியிருந்த செப்புத் தகடுகளையெல்லாம் கழற்றி, பிரகாரத்தில் சாக்கு விரித்துப் போட்டு, வயதான இரண்டு பேர் அடித்து நேராக்கிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் கும்பிட்டுவிட்டுத் தகட்டைத் தாண்டிப் போனார்கள். அந்த இருவரையும் யாரும் நின்று பார்க்கவில்லை. குடமுழுக்கு மேடையில் பந்தல்காரருக்குக்கூடப் பொன்னாடை போட்டார்கள், தகடு அடித்தவர்களைக் கூப்பிடவில்லை. அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி அந்த மேடைக்கு உரியது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் செய்வது என்ன வேலை? தட்டையான தகட்டை வளைவாக்குகிற வேலை. குழித்த கட்டையில் வைத்து உள்பக்கமிருந்து அடித்தால் தகடு விரிந்து குழியும். அடியில் தாங்கி நிற்கிற முட்டு இரும்பின் மேல் கவிழ்த்து வெளிப்பக்கமிருந்து அடித்தால் சுருங்கி எழும்பும். அடிக்க அடிக்க இறுகிப்போகும், காய்ச்சி இளக்க வேண்டும். கடைசியில் சுத்தியல் தழும்பையெல்லாம் தட்டிச் சமன்செய்ய வேண்டும். மிலானில் இருந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். அண்டாவும் குடமும் தவலையும் அடித்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். கல்லில் வடித்த சாமியின் தோளுக்கும் மார்புக்கும் அளவெடுத்து வெள்ளியில் கவசம் அடித்துச் சாத்துகிறார்களே, அது என்ன வேலை? மாலை சாத்தும் நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இந்தத் தோள்வளைவை அடித்தவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது இரும்பு வாளோடு வெண்கலப் பாத்திரங்களும் வந்தன. அந்த ஊர் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான். அப்படிப்பட்ட தாமிரபரணி ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று எழுத எப்படி மனசு வந்தது?

அம்பாசமுத்திரத்தில் நான் வளர்ந்த தெருவில் பாத்திரம் அடிக்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். எவர்சில்வர் வந்து அவர் தொழிலைத் தின்றுவிட்டது. புதுப் பாத்திரம் அடிப்பது நின்றுபோய், ஈயம் பூசுவதும் ஒடுக்கெடுப்பதும்தான் மிச்சம். கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற அண்டாக்கள் சீசன் முடிந்ததும் நசுங்கி வரும். அவற்றைத் திண்ணையில் வரிசையாக அடுக்கிவைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன்.

அவர் ஒடுக்கெடுக்கும்போது பாத்திரத்தைப் பார்க்கவே மாட்டார். பார்வை தெருவில் இருக்கும், கை அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே முட்டு இரும்பு தகட்டோடு ஒட்டி நிற்கிற இடத்தில் அடி விழுந்தால் கணீரென்று கேட்கும். இடைவெளி இருந்தால் மந்தமாகக் கேட்கும். ஒருநாள் என் காதைப் பிடித்து அண்டாப் பக்கம் இழுத்து, "கண்ணால பாக்காதல, காத வச்சுக் கேளு. உள்ள காத்து நிக்கிற எடத்துல சத்தம் செத்துப்போவும்" என்றார். மந்தமாகக் கேட்கிற இடத்தில் அடிக்கவே கூடாது, அடித்தால் புதிதாக ஒரு ஒடுக்கு விழும். முதலில் பாத்திரத்தைத் திருப்பி முட்டோடு சேர்க்க வேண்டும், அப்புறம்தான் அடி. அடியும் ஓங்கி விழாது. மணிக்கட்டு மட்டும் அசையும், ஓரடிக்குப் பக்கத்திலேயே அடுத்த அடி, சுற்றிச் சுற்றி.

உங்கள் மார்புத் தகடு ஏன் மேடும் பள்ளமுமாக நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா? படத்தைப் பார்த்தாலே சொல்லலாம், காற்றில் அடித்திருக்கிறீர்கள். யூடியூபில் அந்தச் சத்தத்துக்கு மேல் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். காதால் கற்க வேண்டியதைப் பாட்டு மூடிவிட்டால் கண் மட்டும் என்ன செய்யும்?

அவருடைய சுத்தியல்களை யாரும் தொட முடியாது. அடிக்கிற முகத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார். தெருப்பையன் ஒருவன் அதை எடுத்து வாதாங்கொட்டையை உடைத்துவிட்டான். முதுகில் ஒன்று வைத்தார், அதோடு அன்று முழுவதும் வேலை செய்யவில்லை. சுத்தியல் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அடிக்கிற ஒவ்வோர் அடியிலும் அது தகட்டில் பதியும். சாயங்காலம் வரை உட்கார்ந்து அந்தக் கீறலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உங்கள் படத்தில் தகடு முழுக்கப் பிறைபிறையாக வெட்டுகள் இருக்கின்றன. ஆணி அறைகிற சுத்தியலால் அடிக்கிறீர்கள் என்று அதுவே சொல்கிறது. விளிம்பைத் தேய்த்து உருட்டாக்குங்கள். முகத்தை மெருகேற்றுங்கள். குழிப்பதற்குப் புளியமரக் கட்டையும் கொட்டாப்புளியும் போதும், இதற்காக ஆன்லைனில் காசைக் கொட்ட வேண்டாம்.

அவர் செம்பைக் காய்ச்சினால் தண்ணீரில் முக்கி எடுப்பார், அது இளகிவிடும். இரும்பை அப்படிச் செய்யக் கூடாது. செக்கச்செவேலென்று ஆனதும் எடுத்துச் சாம்பலில் புதைத்து, தானாக ஆறவிட வேண்டும். அவர் வேலைக்கும் உங்கள் வேலைக்கும் இப்படிச் சில வித்தியாசங்கள் உண்டு. அதை வைத்து அவருக்கு இது தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிற தலைக்கவசங்களிலும் வாள்களிலும் பல, டேராடூனில் செய்து கப்பலேறியவை. அங்கே கூலிக்கு அடிக்கிற நம்மாட்களின் கைதான் அத்தனையும் செய்கிறது.

எங்கள் தெருவில் இருந்தவரின் மகன் திருப்பூருக்குப் போனான். தாத்தா போன பிறகு முட்டு இரும்புகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நீங்கள் கண்டம் விட்டுக் கண்டம் தேடிய அறிவு, கிலோ இவ்வளவு என்று தள்ளுவண்டியில் போய்விட்டது. உங்கள் அப்பா சொன்ன பேரீச்சம்பழத்தைப் படித்தபோது எனக்குச் சிரிக்க முடியாமல் போனது இதனால்தான். அவர் மேல் வருத்தப்படாதீர்கள், மகன் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்த மனுஷன்.

முழங்கைக்கு வருகிறேன். தகடுகள் சிங்கி இறாலின் வாலைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டும். நீங்கள் இரண்டு பக்கமும் ரிவெட்டை இறுக்கி அறைந்துவிட்டீர்கள். ஒரு தகட்டின் துளையை நீளவாக்கில் அறுத்து ரிவெட் நகர இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் தோல்வாரில் கோத்துத் தொங்கவிடுங்கள். தகட்டை வெட்டுவதற்கு முன் அட்டையில் வெட்டிக் கையில் கட்டிக்கொண்டு, சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதுபோல மடக்கிப் பார்த்துவிட வேண்டும்.

வளையச் சட்டை அழகாக வந்திருக்கிறது. முழுச் சட்டைக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் வளையம் கோக்க வேண்டும், அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறது. ஆனால் வளையத்தின் இரண்டு முனைகளும் சும்மா முட்டிக்கொண்டு நிற்கின்றன, இழுத்தால் திறந்துவிடும். அந்தக் காலத்தில் முனையைத் தட்டையாக்கித் துளைபோட்டு ரிவெட் அடித்தார்கள். உள்ளங்கை அகலம் அப்படிச் செய்து பாருங்கள். அடியில் வெறும் டீ-ஷர்ட் போட்டுப் படம் எடுத்திருப்பது தவறு. இரும்பு வெட்டைத் தடுக்கும், அடியின் வலியைத் தடுப்பது உள்ளே போடும் தைத்த பஞ்சுச் சட்டைதான். அப்புறம், இதையெல்லாம் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் மாடியில் நிற்காதீர்கள். 1187இல் பாலஸ்தீனத்து ஹத்தீனில் ஐரோப்பியர்களின் சிலுவைப்போர் படை வெயிலிலும் தாகத்திலும் துவண்டுதான் தோற்றது.

வெறும் பொழுதுபோக்கு என்று இனி யாரிடமும் குனிந்து சொல்லாதீர்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்து தகட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள், அதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போங்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. எவர்சில்வர் கடையாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய பித்தளை அண்டாவுக்கு ஒடுக்கெடுக்க யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். ஆளைச் சொல்வார்கள். தேடிப் போங்கள், உங்கள் மார்புத் தகட்டையும் எடுத்துப் போங்கள். போனதும் போனை நீட்டி வீடியோ எடுக்காதீர்கள். அவருக்கு நாள்கூலி என்னவோ அதைக் கேட்டு, முதல் நாளே கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். வாங்க மறுத்தாலும் விடாதீர்கள், கற்றுக்கொள்ள வந்த பிள்ளைதானே என்று அவர் சும்மா சொல்லிக்கொடுப்பார், ஆனால் அவர் வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி