நோட்டீஸ் போர்டுல அஞ்சு பேச்சு, எதுக்குப் போறது?

இந்த வாரம் கேள்வி அனுப்புனவங்கள்ல நிறைய பேர் பிசிக்ஸ் படிக்கிறவங்க, இல்லன்னா பிசிக்ஸ் சொல்லிக்குடுக்குறவங்க. டிபார்ட்மென்ட்ல நடக்குற பேச்சுகளுக்குப் போறதால என்ன பிரயோஜனம், எப்படிப் போகணும்னு எல்லாரும் சுத்தி சுத்தி ஒரே விஷயத்தைத்தான் கேக்குறாங்க, அதனால மத்த கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிட்டேன்.

கேள்வி: எங்க யுனிவர்சிட்டி பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இந்த வாரம் திங்கள் ஜர்னல் கிளப், செவ்வாய் வெளியூர்ல இருந்து வர்ற ஒருத்தரோட ஸ்ட்ரிங் தியரி செமினார், புதன் ஈர்ப்பு அலைகள் பத்தி கலோக்கியம், வியாழன் ஒரு அக்காவோட பப்ளிக் வைவா (பிஎச்.டிக்கு எல்லார் முன்னாடியும் நடக்குற வாய்மொழித் தேர்வு), வெள்ளி ஸ்காலர்ஸ் பேசுற செமினார். நான் எம்.எஸ்சி முதல் வருஷம். பத்து நிமிஷத்துக்கு மேல எதுவும் புரியல. எல்லாத்துக்கும் போகணுமா? (மாணவி, திருச்சி)

பதில்: எல்லாத்துக்கும் வேணாம்மா. புதன்கிழமை கலோக்கியத்தை மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா அது டிபார்ட்மென்ட் மொத்தத்துக்குமான பேச்சு, லேசர்ல வேலை பாக்குறவங்க, கிரிஸ்டல் வளக்குறவங்க, தியரி ஆளுங்க எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்திருப்பாங்க, அதனால வர்றவரு முதல் இருபது நிமிஷமாவது எல்லாருக்கும் பிடிபடுற மாதிரி பேசியாகணும். செவ்வாய்க்கிழமை செமினார் அப்படி இல்ல, அது அந்தத் துறையில ஏற்கனவே இறங்கி வேலை பாக்குறவங்களுக்கு, அங்க புரியலன்னா அது உங்க குறையே கிடையாது. ஜர்னல் கிளப்னா ஒரு ஆராய்ச்சிப் பேப்பரைக் கூடி உக்காந்து அலசுறது, அதுக்குப் போறதா இருந்தா முந்தின நாளே அந்தப் பேப்பரை ஆர்க்கைவ்ங்குற இலவச இணையதளத்துல இறக்கி, அப்ஸ்ட்ராக்டையும் படங்களையும் மட்டும் பாத்துட்டுப் போங்க, அதுவே பாதி வேலை.

புரியலங்குறதுக்கு வர்றேன். ஒரு மணி நேரப் பேச்சு முழுசும் புரியணும்னு நினைச்சா எந்த ப்ரொஃபசராலயும் முடியாது. ஒரே ஒரு படத்தைப் பிடிச்சுக்கோங்க. ஈர்ப்பு அலை (ரொம்ப கனமான பொருள்கள் ஒன்னை ஒன்னு சுத்தும்போது விண்வெளியில பரவுற அதிர்வு) பேச்சுன்னா 2015 செப்டம்பர் 14 அன்னிக்கு அமெரிக்காவுல அந்த அலையைப் பிடிக்கிற லைகோ கருவிகள் ரெண்டுலயும் பதிவான அந்த சிக்னல் படம் பெரும்பாலும் வந்துடும். முதல்ல கீழ் அச்சைப் பாருங்க, மொத்தமே 0.2 செகண்ட்தான். அலை ஆரம்பத்துல மெதுவா ஆடி, போகப் போக நெருக்கமாகி, 150 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 150 ஆட்டம்) கிட்ட உச்சத்துக்குப் போய் அடங்கிடும். ரெண்டு பொருள் ஒன்னை ஒன்னு சுத்துனா ஒரு சுத்துக்கு ரெண்டு அலை வரும், அப்ப உச்சத்துல செகண்டுக்கு 75 சுத்து. அந்த அதிர்வெண் ஏறுற விதத்தை வச்சு மொத்த நிறை கிட்டத்தட்ட 70 சூரியன்னு கணக்கு வருது, அதை ஸ்பீக்கரே சொல்லிடுவாரு. இப்ப நோட்டை எடுத்து, சுத்துற வேகத்தையும் நிறையையும் வச்சு தூரம் சொல்ற கெப்ளர் விதியைப் போடுங்க, பி.எஸ்சில படிச்ச அதே விதி, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் சுமார் 350 கிலோமீட்டர்னு வரும். சென்னையில இருந்து பெங்களூருக்கு ரோட்டுல போற தூரம், அதுக்குள்ள 70 சூரியனோட நிறை! சூரியன் ஒன்னோட ஆரமே 7 லட்சம் கிலோமீட்டர், அதனால சாதா நட்சத்திரமா இருக்க முடியாது, நெருக்கி அமுங்குன சின்ன நியூட்ரான் நட்சத்திரம்னா ரெண்டு மூணு சூரியன் நிறைக்கு மேல தாங்காது, மிச்சம் இருக்குறது கருந்துளை மட்டும்தான். ஹால்ல உக்காந்தே நீங்க இதைப் போட்டுப் பாத்துட்டா, அதுக்கப்புறம் வந்த நாப்பது ஸ்லைடும் தலைக்கு மேல போனாலும் பரவால்ல, அன்னிக்குப் போனது வீண் இல்ல.

கேள்வி: எல்லா பேச்சும் யூட்யூப்ல வந்துடுது, ஸ்பீடை ரெண்டு மடங்கு வச்சு பாத்துடுறேன். ஹால்ல போய் உக்காந்து என்ன ஆகப் போகுது? (பி.எஸ்சி மாணவர், மதுரை)

பதில்: பாருங்க தம்பி, நல்லதுதான், ஆனா வீடியோல பக்கத்து சீட் கிடையாது. 1964-65ல அமெரிக்காவுல நியூஜெர்சியில இருந்த பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர் ஒரு பெரிய கொம்பு ஆண்டெனாவோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க, 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்துல எந்தப் பக்கம் திருப்புனாலும் 3.5 கெல்வின் அளவுக்கு ஒரு இரைச்சல் மிச்சம் நிக்குது, உள்ள கூடு கட்டுன புறாக்களை விரட்டி எச்சத்தை எல்லாம் சுத்தம் பண்ணியும் போகல. அதே நியூஜெர்சியில பக்கத்துலயே பிரின்ஸ்டன்ல டிக்கி, பீபிள்ஸ் குழு, பிரபஞ்சம் சூடா ஆரம்பிச்சிருந்தா அதோட மிச்ச வெப்பம் இப்பவும் எல்லாப் பக்கமும் இருக்கணும்னு அதைத் தேட கருவி செஞ்சிட்டு இருக்காங்க. இவங்களுக்கு அவங்களைத் தெரியாது. 1965ல பீபிள்ஸ் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டியில போய் ஒரு பேச்சு குடுக்குறாரு, அதைக் கேட்ட டர்னர்ங்குறவரு தன் நண்பர் பர்க் கிட்ட சொல்றாரு, பர்க் பென்சியாஸ் கூட பேசும்போது இரைச்சல் கதை வருது, உடனே பிரின்ஸ்டனுக்குக் கூப்பிட்டுப் பாருன்னு சொல்றாரு. அப்படித்தான் அந்த இரைச்சல், சூடா ஆரம்பிச்ச பிரபஞ்சத்தோட மிச்சம், பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சுன்னு வெளிய வந்துச்சு, 1978ல பென்சியாஸ், வில்சனுக்கு நோபல், பீபிள்ஸுக்கு 2019ல. பேப்பர் அச்சுல வர்றதுக்கு முன்னாடி விஷயம் வாய் வழியா நகர்ந்திருக்கு. பேச்சு முடிஞ்சு டீ குடிக்கிற அந்த இருபது நிமிஷத்தை எந்த கேமராவும் எடுக்காது தம்பி, அதுக்காகவாவது போங்க.

கேள்வி: கேள்வி கேக்க ஆசைதான், ஆனா இங்கிலீஷ் தடுமாறும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. (ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலி)

பதில்: இந்தக் கேள்வியைப் படிச்சு ரொம்ப வருத்தமா இருந்துச்சும்மா, ஏன்னா தமிழ்நாட்டுல எத்தனையோ ஹால்ல முன் வரிசையில இருக்குற ரெண்டு சீனியர் ப்ரொஃபசர் மட்டும் மாத்தி மாத்திக் கேட்டுட்டு இருப்பாங்க, பின்னாடி அறுபது பிள்ளைங்க வாயைத் திறக்காம எழுந்து போயிடும். இங்கிலீஷ் அழகா இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கல. 'அந்த ஏழாவது ஸ்லைடுல எரர் பார் ஏன் வலது பக்கம் பெருசாகுது?' இவ்வளவுதான் கேள்வி. ஸ்பீக்கர் தமிழ்க்காரரா இருந்தா தமிழ்லயே கேளுங்க, ஒன்னும் குறைஞ்சு போயிடாது. துறை தெரியலயேன்னும் பயப்படாதீங்க. 1968 பிப்ரவரியில கேம்பிரிட்ஜ்ல ஹ்யூயிஷ்ங்குற வானியலாளர் பல்சர் (சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற நட்சத்திரம்) கண்டுபிடிப்பை முதல்முறையா செமினார்ல அறிவிக்கிறாரு, அதை முதல்ல கவனிச்ச ஜோஸ்லின் பெல் அப்ப ஆராய்ச்சி மாணவி. பேச்சு முடிஞ்சதும் ஃப்ரெட் ஹாய்ல்ங்குற இன்னொரு வானியலாளர் எழுந்து, இதைப் பத்தி நான் கேள்விப்படுறதே இப்பத்தான்னு சொல்லிட்டு, இது வெள்ளைக் குள்ளன் (எரிஞ்சு அடங்குன சின்ன நட்சத்திரம்) மாதிரி தெரியல, சூப்பர்நோவாவோட, அதாவது வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சமா இருக்கும்னு நினைக்கிறேன்னாரு. அந்த வருஷமே நண்டு நெபுலாவுல, ஒரு சூப்பர்நோவா வெடிச்ச இடத்துலயே பல்சர் கிடைச்சிடுச்சு.

இதைப் படிக்கிற துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி) யாராவது இருந்தா ஒரு வேண்டுகோள், முதல் மூணு கேள்வியும் மாணவர்களுக்குத்தான்னு ஒரு விதி வைங்க, மைக்கை முதல்ல பின்வரிசைக்கு அனுப்புங்க.

கேள்வி: நான் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர். வெளியாளுங்களை உள்ள விடுவாங்களா? (ஈரோடு)

பதில்: கலோக்கியத்துக்கு பெரும்பாலும் தடை இருக்காது டீச்சர். ரெண்டு நாள் முன்னாடி டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க, கேட்ல ஐடி கார்டு கேப்பாங்க, அவ்வளவுதான். பெங்களூர்ல இருக்குற ஐ.சி.டி.எஸ் ஆராய்ச்சி மையம் நடத்துற 'காப்பி வித் க்யூரியாசிட்டி' பேச்சுகள் பொதுமக்களுக்குன்னே நடக்குறது, வர முடியலன்னா அவங்க யூட்யூப் சேனல்ல இருக்கு, ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கும் போட்டுக் காட்டலாம்.

கேள்வி: வெளியில இருந்து பெரிய ஆளு வந்து ஒரு நாள் பேசிட்டுப் போறதால எங்க மாதிரி வசதி இல்லாத டிபார்ட்மென்ட்டுக்கு என்ன பிரயோஜனம்? (உதவிப் பேராசிரியர், காரைக்குடி)

பதில்: சார், மெட்ராஸ் யுனிவர்சிட்டி கதையே இருக்கே. 1952ல ஜி.என்.ராமச்சந்திரன் அங்க பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் பொறுப்பை எடுத்தப்ப அவருக்கு முப்பது வயசு இருக்கும், அடுத்து எதுல இறங்குறதுன்னு தேடிட்டு இருந்த நேரம். அங்க வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், தோல்லயும் தசைநாண்லயும் இருக்குற கொலாஜன் புரதத்தோட அமைப்பை யாரும் இன்னும் சரியா சொல்லலன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போறாரு. இவரு பிடிச்சுக்கிட்டாரு. பக்கத்துலயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து கங்காரு வால் தசைநாண் வாங்கி எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோட சேந்து 1954ல நேச்சர் இதழ்ல கொலாஜனோட மூணு இழை மாதிரியைப் போட்டாரு, 1963ல வந்த ராமச்சந்திரன் ப்ளாட்டும் (புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம்னு காட்டுற வரைபடம்) இந்த வழியில வந்ததுதான். மயிலாப்பூர்ல பிசிக்ஸ் ப்ரொஃபசர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டுலயே, ஏகாம்ர நிவாஸ்ல, மாணவர்களை வச்சு செமினார் நடத்துனாரு, 1960ல நோபல் வாங்குன நீல்ஸ் போர் அங்க வந்து அசந்து போய் அதைப் பத்தி வெளியிலயும் சொன்னாரு, விஷயம் நேரு வரைக்கும் போச்சு, 1962 ஜனவரி 3 அன்னிக்கு மேட்சயின்ஸ்ங்குற கணித அறிவியல் நிலையம் சென்னையில ஆரம்பமாயிடுச்சு. ஒரு வீட்டு ஹாலும் பிளாக்போர்டும்தான் சார் வசதி.

நீங்க செய்ய வேண்டியது ஒன்னு இருக்கு. சால்வை, பூங்கொத்து, வரவேற்புரைன்னு முப்பது நிமிஷம் போகுதுல்ல, அதை அப்படியே வெட்டி, ஸ்பீக்கரை உங்க ஸ்காலர்ஸ் கூட தனியா உக்கார வைங்க. ஒவ்வொருத்தரும் என்ன பண்றாங்கன்னு ரெண்டு நிமிஷம் சொல்லட்டும், நீங்க அந்த ரூம்ல இருக்காதீங்க, அப்பத்தான் பிள்ளைங்க வாய் திறக்கும்.

கேள்வி: தெரியாதவங்க பப்ளிக் வைவாவுக்கு போய் உக்காரலாமா? (எம்.எஸ்சி மாணவர், சேலம்)

பதில்: தாராளமா, பேருலயே பப்ளிக்னு இருக்கே. ஸ்லைடை விட எக்ஸாமினர் கேக்குறதைக் கவனிங்க, 'இதுல நீங்களா செஞ்சது எது, கைடு சொல்லி செஞ்சது எது'ன்னு ஒரு கேள்வி எப்படியும் வரும். பதில் சொல்லும்போது எந்த இடத்துல தெளிவா பேசுறாங்க, எங்க இழுக்குறாங்கன்னு நோட்ல குறிச்சுட்டு வாங்க, உங்க ப்ராஜெக்ட் வைவாவுக்கு அப்படியே உதவும்.