பெல்ஃபாஸ்டில் பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

இந்துக் குடும்பம், பையனுக்கு மூன்றரை வயது, பக்கத்திலேயே கத்தோலிக்கப் பள்ளி, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற 'இன்டகிரேட்டட்' பள்ளிக்கு இரண்டு பஸ் மாறணும், அந்த அலைச்சல் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் மகளுக்காக நாங்கள் அலைந்தோம், வருத்தமில்லை.

இங்கே வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் பெரும்பாலும் அரசு நடத்துகிற 'கன்ட்ரோல்டு' பள்ளியில். இதை மாற்றத்தான் பெற்றோரே சேர்ந்து 1981-இல் 28 பிள்ளைகளோடு லகன் காலேஜை இன்டகிரேட்டட் பள்ளியாகத் தொடங்கினார்கள் (பெயர்தான் காலேஜ், உயர்நிலைப் பள்ளி). இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூட இந்த வகைப் பள்ளியில் இல்லை.

நாம் 'ஹெச்' என்று சொல்கிற எழுத்தை 'ஹெய்ச்' என்றால் கத்தோலிக்கர், 'எய்ச்' என்றால் புராட்டஸ்டன்ட் என்று ஆளை எடைபோடுகிற ஊர் இது. என் மகள் வகுப்பில் இரண்டும் காதில் விழுகிறது, அவளும் வாய்க்கு வந்தபடி மாற்றி மாற்றிச் சொல்கிறாள்.

ஆனால் இன்டகிரேட்டட் என்றால் மதமே இல்லாத பள்ளி என்று நினைத்துப் போகாதீர்கள். கிறித்தவச் சாயல் உண்டு, முதல் நற்கருணை என்கிற தேவாலயச் சடங்குக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகளைத் தயார் செய்வார்கள். சமய வகுப்பு வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம், அந்த உரிமை கத்தோலிக்கப் பள்ளியிலும் உண்டு.

அப்புறம், இரு தரப்பும் கலந்திருக்க வேண்டும் என்பதற்காக மதம் கேட்பார்கள், கூச்சப்படாமல் இந்து என்றே எழுதுங்கள். ஜூலை 1-க்குள் நான்கு முடிந்தால் பொதுவாக அந்த செப்டம்பரே பி1 (தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு), விண்ணப்பம் ஜனவரியில். அதற்குள் இரண்டு பள்ளியையும் நேரில் பார்த்துவிடுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.