நிமிடத்துக்கு நாலு குடம்

பாதி வாழ்க்கை கப்பல் எஞ்சின் அறையில் போனது. அப்புறம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு 38 அடி பாய்மரப் படகில் ஆறு வருடம் குடியிருந்தேன், மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் நடுவில். இப்போது ஏற்காட்டில் ஓட்டு வீடு. சேலத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: சார், படகில் குடியிருந்தால் தினமும் ஏதாவது ரிப்பேராமே? குடும்பத்தோடு எப்படிச் சமாளித்தீர்கள்?

தினமும்தான். உப்பு, வெயில், ஓயாத ஆட்டம் மூன்றும் சேர்ந்து தின்னும். வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பர் வரும்வரை வாளி வைக்கலாம். படகில் ஒழுகல் என்றால் கடல் உள்ளே வருகிறது.

முதல் வருடம் எல்லா ரிப்பேரையும் ஒரே மாதிரி விரட்டினேன். தவறு. எஞ்சின் இருப்பது படிக்கட்டுக்கு அடியில். படியைக் கழற்றினால்தான் அதைத் தொட முடியும், கழற்றிவிட்டால் யாரும் மேலே போக முடியாது. உதிரி பாகங்கள் பிள்ளைகளின் படுக்கைக்குக் கீழே. ஸ்பேனர் எடுக்கத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிய அப்பன் நான். ஒருநாள் என் மனைவி நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டார்: மூழ்கடிப்பது, வழியில் நிறுத்துவது, எரிச்சல் மூட்டுவது. முதல் பத்தியில் இருந்தால் நடுராத்திரியானாலும் உடனே. இரண்டாவது, அடுத்த பயணத்துக்குள். மூன்றாவதில் இருந்த அலமாரிக் கதவு எட்டு மாதம் கயிற்றிலேயே நின்றது, ஒருவரும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவிப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். படகின் அடியில் ஓட்டை போட்டுத்தான் எஞ்சினுக்கும் கழிவறைக்கும் கடல்நீர் எடுக்கிறோம். ஓட்டையை மூடித் திறக்கும் வால்வு ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது உடைந்தால் அடைக்க, கூம்பு வடிவ மர ஆப்பு ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். நாலு குடம்.

சூரமங்கலத்திலிருந்து: எவ்வளவு செலவாகும்?

படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் என்பது படகுக்காரர்களின் தோராயக் கணக்கு. பழைய படகுக்கு அதுவும் பத்தாது.

ஏற்காட்டிலிருந்து: அண்ணா, நம்ம ஏரியிலேயே ஒரு படகு கட்டிக் குடியிருக்கலாமா?

பெடல் மிதித்துவிட்டுக் கரையேறு தம்பி.

பேர்லேண்ட்ஸிலிருந்து: கழிவறை அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பிள்ளைகள் இருக்கும்போது?

நல்ல கேள்வி அம்மா. இதை யாரும் கேட்பதில்லை. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உட்புறம் சுண்ணாம்புக் கல் மாதிரி படிந்துவிடும். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றினால் தள்ளிப்போகும். முற்றிவிட்டால் குழாயைக் கழற்றிக் கொண்டுபோய், துணி துவைக்கிற மாதிரி கரையில் அடித்துத்தான் கல்லை உதிர்க்க வேண்டும். சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம். அப்படியும் ஒரு பொம்மைக் கார் போனது. கழற்றும் முன் வால்வை மூடுங்கள், ஆப்பு கையில் இருக்கட்டும்.

இரும்பாலையிலிருந்து: அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லாவற்றையும் எவர்சில்வரில் செய்துவிட்டால் பாதி ரிப்பேர் போகுமே?

போகாது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் பட்டைகள் எவர்சில்வர்தான். மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் அவற்றில் ஒன்று பாதி அரித்துப்போயிருந்தது. வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு.

மறுபடி அவரே: மட்டமான சரக்காக இருக்கும். என் வீட்டுக் குண்டான் 30 வருடமாகத் துருவே பிடித்ததில்லை.

உங்கள் குண்டானைத் தினமும் கழுவிக் கவிழ்க்கிறார்கள் ஐயா. எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத் தானே மூடிக்கொள்ளும். உப்புநீர் தேங்கிய இடுக்கில் ஆக்சிஜன் கிடைக்காது. படலம் போனால் துளைதான். எவர்சில்வரில் 304 ரகம் சீக்கிரம் போகும். மாலிப்டினம் என்ற உலோகம் இரண்டு சதவீதத்துக்கு மேல் சேர்ந்த 316 கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதுவும் விலக்கல்ல. உங்கள் அம்மா உப்பை எவர்சில்வர் டப்பாவிலா வைத்திருந்தார், பீங்கான் ஜாடியிலா?

அம்மாப்பேட்டையிலிருந்து: குறுக்கே வருகிறேன். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கியிருக்கலாமே? ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு.

இந்தக் காந்த வைத்தியத்தைத் தயவுசெய்து விடுங்கள். 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்ட மலிவான 200 வரிசையிலும் ஒட்டாது. நல்ல 304 தகட்டை வளைத்து அடித்தால் அந்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும்.

இரும்பாலை: காந்த விஷயத்தில் சார் சொல்வது சரி. ஜாடி விஷயமும் சரி, அம்மா ஜாடியில்தான் வைத்திருந்தார். ஆனால் சரக்கு மட்டம் என்பதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

குகையிலிருந்து: மொத்தம் எவ்வளவு செலவு ஆகும் சார்?

சூரமங்கலத்துக்குச் சொன்னதுதான்.

மேட்டூரிலிருந்து: அணைத் தண்ணீர் மாதிரி நன்னீரில் படகு அரிக்காதுதானே?

குறையும், நிற்காது. உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோக ஒரு கட்டியைப் படகின் அடியில் மாட்டுவோம். கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம். மாற்றி மாட்டினால் வீண். மெக்னீசியத்தின் தாதுக்களில் ஒன்று நம்ம ஊர் வெள்ளைக்கல்தான். அரிக்கிறதோ இல்லையோ, ஆப்பு மேட்டூருக்கும் உண்டு.

கொண்டலாம்பட்டியிலிருந்து: எஞ்சின் சூடானால்?

முதலில் நிறுத்துங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்புக்குள் ரப்பர் இம்பெல்லர், அதாவது இறக்கை வைத்த சக்கரம், இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்தில் சிதறிவிடும். புதியதை மாட்டும் முன் பழையதன் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளே குழாயில்தான் சிக்கியிருக்கும், தேடி எடுக்காமல் ஓட்டாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: செலவு...

இல்லை.

இரும்பாலை: கடைசியாக ஒன்று. அந்த ஆப்பை எவர்சில்வரில் செய்தால்?

ஐயா! மென்மையான மரமாக இருக்க வேண்டும். நனைந்ததும் ஊறிப் பெருத்து ஓட்டையில் இறுகும். தேக்குகூட வேண்டாம்.