என்ன படிக்கலாம்? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பொன்னியின் செல்வன் முடித்துவிட்டேன். அடுத்து?

மறுபடி ராஜா கதைக்கே போகாதீர்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பிடித்த இந்தோனேசியாவின் மெடான், மலேயாவின் பினாங்கு, வட்டிக்கடைச் செட்டிமார், நேதாஜியின் ஐஎன்ஏ படை, நடுநடுவே பழம்பெருமையைக் கிண்டலடிக்கும் பேச்சு. சிங்காரம் மெடானில் வேலை பார்த்தவர், எழுதியது இரண்டே நாவல், இது 1972இல் வந்தது. ஆரம்பத்தில் தலைசுற்றும், விடாதீர்கள். சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம், எந்தப் புத்தகமானாலும்.

கேள்வி: நாவல் ஒத்துவராது. உண்மைக் கதை?

பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சிட்ட உ.வே.சா. தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வந்தது, 1942இல் அவர் இறந்ததால் முடியாமலே நின்றது.

கேள்வி: அதில் பாதி குருபக்தியும் அந்தாதியும்தானே! சுருக்கினால் என்ன குறைந்துவிடும்?

எல்லாமே குறையும். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் ராமசுவாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போகிறார். என்ன படித்தீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று சிற்றிலக்கியங்களைப் பெருமையாக அடுக்குகிறார். அவரோ அசையாமல், இதனாலெல்லாம் என்ன பிரயோசனம், பழைய காப்பியமான சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் அந்த ஏட்டைப் பார்த்ததுகூட இல்லை! அப்புறம் ஏழு வருஷத்தில், 1887இல், சீவக சிந்தாமணியை அச்சிட்டே விடுகிறார். நீங்கள் வெட்டச் சொல்லும் அந்தப் பக்கங்களில் சோற்றுக்கும் படிப்புக்கும் ஊர் ஊராக அலைந்து, குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டதை நாமும் கூட இருந்து பார்த்திருந்தால்தான் முதலியாரின் கேள்வி நம் மேலும் விழும்.

கேள்வி: வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் வேண்டாமா? சுருக்கினால் என்ன என்று கேட்டவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வாரப் பத்திரிகைக்கு எழுதியது, அத்தியாயம் எல்லாம் சின்னதுதான். மொத்தம் 122. தூங்குமுன் ஒன்று படித்தால் நாலு மாதம். போனில் போகிற நேரத்தைவிடக் குறைவு.

கேள்வி: சுருக்கம் படித்தவர்தான் பிறகு முழுசும் படிப்பார்.

அப்படி முழுசும் படித்த ஒருவரைக் காட்டுங்கள், பேசுவோம்.

கேள்வி: பொன்னியின் செல்வனுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: பெண்கள் எழுதியதில்?

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. சின்ன நாவல். குமரி மாவட்டத்துப் பனைவிளை, நொடித்துப்போன பழைய குடும்பத்துப் பெண், பனையேறி மகன் மேல் காதல். அழவைக்க முயலாமலே அழவைக்கும். அதோடு பாமா தன் தலித் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ (1992), அதன் பேச்சுமொழிக்காகவே. தூத்துக்குடி உப்பளத்து வேலை தெரிய வேண்டுமானால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’.

கேள்வி: பங்குச் சந்தைக்கு நல்ல புத்தகம்?

நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: பொன்னியின் செல்வன் மாதிரியே வேறு ஏதாவது...

அதையே இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: இதெல்லாம் பிடிஎஃப் கிடைக்குமா?

திருட்டுப் பிடிஎஃப் என்னிடம் கேட்காதீர்கள். கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை, மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மற்றதைக் காசு கொடுத்து வாங்குங்கள், இல்லையென்றால் ஊர் நூலகத்தில் கேளுங்கள்.