எலியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஜப்பானில் கியோத்தோ போனபோது ஒரு பழம்பொருள் சந்தையில் எலி வடிவ மர நெட்சுகே (கிமோனோ உடையின் இடுப்புப் பட்டையில் மாட்டும் செதுக்குக் குமிழ்) வாங்கினேன். அடியில் ‘மசனாவோ’ என்று கையெழுத்து இருக்கிறது. 200 வருடப் பழசு என்றார்கள். நம்பலாமா? மெருகு மங்கியிருப்பதால் எண்ணெய் தடவலாமா?

பதில்: முதலில் எண்ணெய் பாட்டிலை மூடி வையுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

கையெழுத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் ஒரு மசனாவோ இருந்தார். இசே பக்கம் யமாதாவில் அதே பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த வேறொரு சிற்பிக் குடும்பமும் உண்டு. பெயரை மட்டும் திருடிப் பொறித்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நான் கையெழுத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

எலியைத் திருப்புங்கள். கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையையோ மருந்துப் பெட்டியையோ கயிற்றில் கோத்து, இடுப்புப் பட்டையில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் மேலே பிடித்துக்கொள்ளும் குமிழ்தான் நெட்சுகே. அதனால் கயிறு போக இரண்டு துளைகள் இருக்கும். ஹிமோதோஷி என்பார்கள். பழைய உருப்படிகள் பலவற்றில் ஒரு துளை பெரிதாக இருக்கும். முடிச்சு அதற்குள் ஒளிந்துகொள்ளும். வாலும் காலும் வளைந்து உண்டாகும் இடைவெளியையே துளையாக்கிக்கொண்ட சிற்பிகளும் உண்டு. கயிறு கோத்துத் தொங்கவிடுங்கள். எலியின் நல்ல முகம் வெளியே பார்க்க வேண்டும். தலைகுப்புறத் தொங்கினால், அது அலமாரிப் பொம்மையாகப் பிறந்து பின்னால் துளை போடப்பட்டதாக இருக்கலாம்.

அடுத்தது தேய்மானம். பட்டையில் உரசும் பக்கம், எலியின் முதுகுமேடு, காது நுனி, கயிறு இழுபடும் துளை விளிம்பு, இவையெல்லாம் வழவழப்பாகியிருக்கும். விரல் இடுக்கில் ரோமக்கோடு கூர்மையாகவே நிற்கும். எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்து, இடுக்குகளில் மட்டும் கருஞ்சாயம் அப்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். லென்ஸில் குட்டிக் குமிழிகளோ அச்சு சேர்ந்த கோடோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பிசின் வார்ப்பு. பிசினா என்று அறியச் சூட்டு ஊசி குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். நிஜமாகவே பழசாக இருந்தால் ஓட்டைதான் மிச்சம்.

1868க்குப் பிறகு மேல்நாட்டு உடை பரவியதும் நெட்சுகேக்கு வேலை போய்விட்டது. ஆனால் வெளிநாட்டார் வாங்கியதால் செதுக்குவது நிற்கவில்லை. ஆகவே உங்கள் எலியில் தேய்மானமே இல்லையென்றால் அது போலி என்று அர்த்தமல்ல. யாரும் இடுப்பில் கட்டாத, பிற்கால வேலையாக இருக்கலாம். 200 வருடக் கதையை மட்டும் அப்போது மறந்துவிடுங்கள்.

இனி வாங்கினாலும் மரமே வாங்குங்கள். யானைத் தந்தம் எவ்வளவு பழசானாலும் எல்லை தாண்டிக் கொண்டுவருவது சட்டச் சிக்கல்.

பராமரிப்பு சுலபம். எண்ணெய் தூசியைப் பிடித்து இடுக்குகளை அடைத்துவிடும். அடிக்கடி கையில் வைத்து உருட்டுங்கள், அந்த மெருகு போதும். வெயிலிலும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். கண்ணாடி அலமாரியில் வைப்பதாக இருந்தால், ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். வற்றியதும் மறுபடி ஊற்றுங்கள்.