எலுமிச்சைத் தேர் பார்க்க பிரான்சுக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் ஊரில் எலுமிச்சை கமிஷன் கடை நடத்தியவர். மகள் பாரிசில் வேலை பார்க்கிறாள். தென் பிரான்சின் கடற்கரை ஊர் ஒன்றில் எலுமிச்சைப் பழத்தாலேயே தேர் செய்து ஊர்வலம் விடுகிறார்களாம்; வருகிற பிப்ரவரியில் எங்களை அங்கே அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். இவரோ, "சந்தையில் பார்க்காத எலுமிச்சையையா அங்கே போய்ப் பார்க்கப் போகிறோம்?" என்கிறார். அவ்வளவு தூரம் போவது தகுமா? நம் ஊர்ப் பழத்தில் ஒரு பை கொண்டுபோகவும், அங்கிருந்து ஒரு கன்று கொண்டுவரவும் முடியுமா?
— வாசகி, புளியங்குடி

பதில்: உங்கள் மகள் சொல்லும் ஊர் மாந்தோன், ஆங்கிலத்தில் மென்டன் என்பார்கள். மத்தியதரைக் கடலோரத்தில், இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் தங்க வரும் பணக்காரர்களை நம்பிப் பிழைத்த இந்த ஊரில், 1929-ஆம் ஆண்டு ஓட்டல்காரர் ஒருவர் தம் தோட்டத்தில் பூக்களையும் எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்களையும் கண்காட்சியாக வைத்தார். அது மக்களுக்குப் பிடித்துப்போகவே, 1934 முதல் 'எலுமிச்சைத் திருவிழா' என்ற பெயரில் ஊரே அதை நடத்தத் தொடங்கியது. இப்போது பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. 2018-இல் அது நம் நாட்டு பாலிவுட்டாக இருந்தது.

உங்கள் கணவரிடம் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருவிழாவுக்குச் செலவாகும் சுமார் 140 டன் பழத்தில் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் எலுமிச்சையை ஏற்றுமதி செய்து வாழ்ந்த ஊர்தான் அது. உறைபனியும் மரநோயும் தோப்புகளை அழித்தன, மிச்சமிருந்த மலைச்சரிவுகளில் கட்டடங்கள் எழும்பின. ஆகவே, விளைந்த பழத்தைக் குவித்துக் காட்டும் அறுவடைத் திருவிழா என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே பார்க்க வேண்டியது பழத்தை அல்ல, பழத்தைக் கட்டும் வேலையை. ஊர் நடுவிலுள்ள பியோவே தோட்டத்தில் கோபுரங்களும் விலங்குகளும் மாளிகைகளுமாக நிற்கும் பேருருவங்களுக்கு உள்ளே இரும்புச் சட்டம் இருக்கும்; அதன்மேல் ஒவ்வொரு பழத்தையும் ரப்பர் வளையத்தால் கையாலேயே இறுக்கிக் கட்டுகிறார்கள். அம்மனுக்கு நாம் எலுமிச்சை மாலை கோப்பதுபோல ஊசியால் குத்தினால், அந்தப் பழம் இரண்டு வாரம் தாங்காது. அழுகி, பக்கத்துப் பழத்தையும் கெடுத்துவிடும். அப்படிக் கட்டியும் கெட்டுப்போகிறவற்றை விழா நடக்கும்போதே பொறுக்கி எடுத்து, வேறு பழம் வைக்கிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு என்ற இரண்டே நிறங்களை வைத்துக்கொண்டு ஒரு முகத்தின் மூக்கையும் கன்னத்தையும் எப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதை, முப்பது ஆண்டுகள் பழம் தரம் பிரித்த கண்ணைவிட வேறு எந்தக் கண் நன்றாக அறியும்? இதற்காகப் போகலாம் என்பதே என் கருத்து.

மாந்தோனுக்கே உரிய பழத்தைச் சுவைக்க வேண்டுமென்றால் அதை ஊர்ச் சந்தையில் தேட வேண்டும். அதற்கு 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் எலுமிச்சை சிறியது, தோல் மெல்லியது, புளிப்பு சுருக்கென்று ஏறுவது. அவர்களுடையது வேறு இனம், உருவில் பெரியது, தடித்த தோலிலும் கசப்பு குறைந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை வட்டமாக நறுக்கித் தோலோடு தின்பார்கள். விழா முடிந்ததும் சிலைகளிலிருந்து கழற்றிய நல்ல பழங்களை மலிவு விலைக்கு விற்பதும் உண்டு. உங்கள் கணவர் அங்கே விலை விசாரிக்காமல் திரும்பினால்தான் எனக்கு வியப்பு.

பழத்தையும் கன்றையும் பற்றிய ஆசையை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுபோகக் கூடியவை அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து மட்டுமே. எலுமிச்சை அந்தப் பட்டியலில் இல்லை. ஊறுகாய் பதப்படுத்திய பொருள் என்பதால், அதை விமானத்தில் அனுப்பும் பெட்டியில் கசியாமல் கட்டி வைக்கலாம். திரும்பும்போது அனுமதிச் சீட்டும் சான்றும் இல்லாமல் கன்றோ ஒட்டுக்குச்சியோ கொண்டுவருவது நம் நாட்டுச் சட்டத்துக்கும் மாறானது. இதை வெறும் அதிகாரிகளின் கெடுபிடி என்று எண்ண வேண்டாம்: ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்த நோய், ஒட்டுக்குச்சி வழியாகவும் ஒரு சிறு பூச்சி வழியாகவும் பரவுவது. எலுமிச்சை ஜாமும் சர்க்கரையில் ஊறிய தோலும் கடைகளில் கிடைக்கும், அவை போதும்.

கேள்வி: நானும் என் மனைவியும் அதே விழாவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். விசா, வழி, எத்தனை நாள் தங்குவது, சைவ உணவு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்களுக்கு வேண்டியது, பிரான்சு, இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் பயணத்துக்கு 15 நாள் முன்பு என்று விதி இருந்தாலும், அதுவரை காத்திருப்பவர் பயணச்சீட்டுப் பணத்தை இழக்கத் துணிந்தவராக இருக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கைரேகை பதிய சென்னைக்கு நேரில் போக வேண்டியிருக்கும். பிள்ளைகள் வீட்டில் தங்குகிறவர்களுக்கு (புளியங்குடி வாசகியும் கவனிக்க) அந்தப் பிள்ளை தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் வாங்கி அனுப்பும் வரவேற்புச் சான்று தேவை. அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

நெல்லைச் சீமையிலிருந்து கிளம்புகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் மாறி, நீஸ் நகரில் இறங்கலாம். பாரிசிலிருந்து நீசுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். நீசிலிருந்து மாந்தோனுக்கு உள்ளூர் ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். வலப்புற ஜன்னலோரம் கிடைத்தால் வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். அதே நாட்களில் நீசிலும் கார்னிவல் நடப்பதால் இரண்டு ஊர்களிலும் அறை கிடைப்பது அரிது, விலையும் ஏறியிருக்கும். தேர் ஊர்வலம் ஞாயிறு பிற்பகலில் கடற்கரைச் சாலையில் நடக்கும், அதற்குத் தனியே சீட்டு வாங்க வேண்டும். நான் சொல்வேன்: சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, ஞாயிறு ஊர்வலத்தைக் கூட்டத்தோடு பார்த்துவிட்டு, திங்களோ செவ்வாயோ தோட்டத்துச் சிலைகளை நிதானமாகச் சுற்றுங்கள். மூன்று நாள் போதுமானது.

பகலிலேயே 12, 13 டிகிரிதான் இருக்கும், இரவில் இன்னும் இறங்கும். குற்றாலச் சாரலுக்குப் பழகிய உடம்பு என்று கம்பளியை விட்டுவிட வேண்டாம். உணவுக்கு, அந்தப் பக்கத்தில் 'சொக்கா' என்று ஒன்று உண்டு: கடலைமாவையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து, பெரிய தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருவது. முட்டையோ இறைச்சியோ சேராதது, சுடச்சுடத் தின்ன வேண்டியது. மாந்தோனைத் தாண்டிச் செல்லும் ரயில் சிறிது நேரத்தில் இத்தாலிக்குள் போய்விடும். விசா இரு நாட்டுக்கும் செல்லும் என்றாலும் அந்தப் பாதையில் போலீசார் ரயிலேறிச் சோதிப்பார்கள், ஆகவே பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு ரயில் ஏறாதீர்கள்.