யானையின் உறுமலும் ஒலிப்பதிவுக் கருவியும்: கேள்வி பதில்

செந்தில்: யானை பிளிறினால் ஊருக்கே கேட்குமே அக்கா. அதைப் பதிவு செய்து புதிதாக என்ன தெரிந்துகொள்கிறார்கள்?

பிளிறலை விடுங்கள் தம்பி. யானைகள் தங்களுக்குள் அதிகம் பேசுவது உறுமலில்தான். அதன் அடிநாதம் பல சமயம் 20 ஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு 20 அதிர்வு) கீழே இருக்கும், நம் காதுக்கு எட்டாது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது காற்றே அதிர்வதுபோல் உணர்ந்தார். சிறுவயதில் தேவாலய ஆர்கன் பக்கத்தில் நின்று பாடும்போது நெஞ்சில் உணர்ந்த அதே அதிர்வு. அப்புறம் பதிவுக் கருவியோடு திரும்பிப் போனார். நாடாவை வேகமாக ஓடவிட்டால், சத்தமே இல்லை என்று நினைத்த இடத்தில் மாடு கத்துவதுபோல் அழைப்புகள்! எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் இது.

ரஹீம்: காட்டில் எத்தனை யானை என்று தெரிய, கண்ணால் எண்ணினால் போதாதா? ஒலிப்பதிவு எதற்கு?

மழைக்காட்டில் முடியாது. விமானத்திலிருந்து பார்த்தால் மரத்தலைகள்தான் தெரியும். அதனால் கார்னெல் பல்கலைக்கழகக் குழு, வடக்குக் காங்கோவின் நுவாபாலே-ந்தோகி பகுதியில் 1250 சதுர கி.மீ. காட்டை 50 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கருவியை மரத்தில் ஏற்றி வைத்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஆள் நடந்தே போய் கார்டையும் பேட்டரியையும் மாற்ற வேண்டும்.

கவிதா: அத்தனை மணி நேரத்தையும் யார் கேட்பது?

கேட்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். ஒலியைப் படமாக்கினால் இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். உறுமல், படத்தின் அடியில் இழைக்கோலம் போட்ட மாதிரி அடுக்கடுக்கான வளைகோடுகளாகத் தெரியும். துப்பாக்கி வெடித்தால் செங்குத்தாக ஒரே கீற்று; வேட்டைக்காரர் நடமாட்டம் அப்படித்தான் தெரிகிறது. கணினி தேடித் தரும். ஆனால் கிளை முறிந்தாலும் வெடி என்று சொல்லிவிடும், மனிதர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

செந்தில்: ஒரே யானை பத்து முறை உறுமினால் பத்து யானை என்றாகிவிடாதா?

சரியான சந்தேகம். முதலில் யானைகள் கண்ணுக்குத் தெரியும் திறந்த வெளியில், எண்ணிக்கொண்டே பதிவு செய்தார்கள். இத்தனை யானை இருந்தால் மணிக்கு எத்தனை உறுமல் என்று கணக்குக் கிடைத்தது. கானாவின் காகும் காட்டில் அந்த வழியில் மதிப்பிட்டு, சாணத்தை எண்ணிப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மலர்: நான் போனில் பிடிக்கும் குருவிச் சத்தம் எதற்காவது ஆகுமா?

கண்டிப்பாக. பறவை ஒலிகளைச் சேர்த்து வைக்கும் ஸீனோ-காண்டோ இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். பதிவு முடிந்ததும் இடம், தேதி, நேரத்தை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். தேதி குறிக்காததால் ஒரு அருமையான ஆந்தைப் பதிவு என்னிடம் வீணாகக் கிடக்கிறது. பின்னணி இரைச்சலை நீக்காதீர்கள். அந்த மழையும் லாரியும்கூட ஆய்வாளருக்கு வேண்டும்.